பதத்துக்கு என்ன விலை?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். என் வகுப்பில் ஒருவன் ரோபோ என்றான், ஒருவன் மின்சாரக் கார் என்றான், ஒருத்தி சந்திரயான் என்றாள். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, கறி வெட்டுகிற கத்தி! சிரிக்கிறவர்கள் சிரித்துக் கொள்ளலாம். இரும்படிக்கிற இடத்துல ஈக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க. எனக்கு அங்கே வேலை உண்டு. நான் பிறந்து வளர்ந்ததே இரும்படிக்கிற இடத்தில்தான்.

எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டை. சின்னமனூருக்குப் பக்கம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணியில் நெல் விளைகிற ஊர். சுத்துப்பட்டு முழுக்க வாழை, தென்னை. எங்க அப்பா கொல்லர். அம்மா எதிரில் நின்று சம்மட்டி போடுவார்கள். ஒரு காலத்தில் அறுப்பு வந்தால் எங்கள் பட்டறை வாசலில் கதிர் அரிவாளுக்குக் கருக்கு வைக்க வரிசை நிற்குமாம். தாத்தா சொல்லித்தான் தெரியும். அறுவடை இயந்திரம் வந்தது, டிராக்டர் வந்தது, கதிர் அரிவாளும் கொழுவும் போச்சு. இப்போது எங்களுக்குச் சோறு போடுவது வாழைத் தோட்டத்துக் கத்தி, தேங்காய் வெட்டுகிற அரிவாள், மலைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இடுப்பில் சொருகும் கத்தி, வீட்டு அருவாமனை, அப்புறம் இந்த வெட்டுக்கத்தி. கறிக்கடைக்காரர்களும் வாங்குகிறார்கள், வீட்டுக்கும் வாங்குகிறார்கள்.

பாலிடெக்னிக்கில் சேரும்போது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன போடட்டும்பான்னு கேட்டேன். "கூலின்னு போடுய்யா" என்றார். நாற்பது வருஷமாகச் சொந்தப் பட்டறை வைத்திருக்கும் மனுஷன், தன் தொழிலுக்கு வைத்த பெயர் கூலி! அந்த ஒரு சொல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. தான் செய்கிறது கூலி வேலைதான் என்று அவரை நம்ப வைத்தது யார்? நாம்தான், நண்பர்களே. கத்தி வாங்குகிற நாம்.

முதலில் கத்தி எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். இயந்திரவியல் படிக்கிறவர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும். இதில் பாதி நமக்குப் பரீட்சைக்கு வருவது.

லாரியின் அடியில் அடுக்கடுக்காக இருக்கிற பட்டை ஸ்பிரிங் தெரியும் அல்லவா? பழைய இரும்புக் கடையில் அதை எடைக்கு வாங்குவோம். எல்லாப் பட்டையும் ஆகாது. அப்பா ஒவ்வொன்றையும் ஒரு முனையில் தூக்கிப் பிடித்துச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கணீர் என்று ஒலித்தால் எடுப்பார். சத்தம் செத்து விழுந்தால் ஒதுக்கி விடுவார். லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். அதில் செய்த கத்தி என்றைக்காவது எலும்பில் பட்டுத் தெறிக்கும். நம் பாடத்தில் இதற்கு 'ஃபட்டீக்' என்று பெயர். அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. "இரும்பு களைச்சிருச்சு" என்பார். ஆங்கிலச் சொல்லுக்கும் அதேதான் அர்த்தம் என்று நான் சொன்னபோது, "பெறகு என்ன" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

உலையில் கரி போட்டு, ஊதுகாற்று விட்டு, பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, வளைவை நிமிர்த்தி, வெட்டிரும்பால் துண்டாக்குவது முதல் வேலை. பிறகு அடி. அப்பா கையிலிருக்கும் சின்னச் சுத்தியல் எங்கே விழுகிறதோ, அடுத்த நொடி அதே இடத்தில் அம்மாவின் சம்மட்டி விழும். பேச்சே கிடையாது. சின்னச் சுத்தியல் வெறும் பட்டறைக்கல்லில் ஒரு தட்டுத் தட்டினால் 'நிறுத்து' என்று அர்த்தம். முதுகு கனமாக, வாய் மெலிதாக, பிடிக்குள் போகும் வால் கூராக, இப்படி உருவம் வரக் குறைந்தது ஏழெட்டுச் சூடு போட வேண்டும். இரும்பு கருத்த பிறகும் அடித்தால் உள்ளே கீறல் விழும். ரொம்பக் காய்ச்சினால் பூப்பூவாய்ப் பொறி விடும். அந்த இரும்பு எரிந்துவிட்டது என்று பொருள், தூக்கிப் போட வேண்டியதுதான்.

இதுவரை சொன்னது உழைப்பு. உடம்பில் தெம்பும் கொஞ்சம் பழக்கமும் இருந்தால் யாரும் செய்துவிடலாம் என்றுகூட வாதாடலாம். இனிமேல் வருவதுதான் விஷயம்.

உருவம் முடிந்த கத்தியை அரத்தால் ராவி, மறுபடி உலையில் வைக்கிறார்கள். இந்தச் சூடு அடிப்பதற்கு இல்லை, பதத்துக்கு. கோவைப்பழச் சிவப்பு வந்து, அதைக் கொஞ்சம் தாண்ட வேண்டும். நம் புத்தகத்தில் இரும்பு-கார்பன் வரைபடம் இருக்கிறதே, அதில் 727 டிகிரிக்கு ஒரு கோடு கிடக்கும். அந்தக் கோட்டைத் தாண்டி, இந்த ஸ்பிரிங் உருக்குக்கு 800 டிகிரிக்கு மேல் போனால்தான் உள்ளே அமைப்பு மாறும். எங்கள் பட்டறையில் தெர்மாமீட்டர் கிடையாது. கண்தான். அதனால்தான் கொல்லுப் பட்டறை எந்த ஊரிலும் இருட்டாகவே இருக்கும். வெயில் உள்ளே வந்தால் சிவப்பு எது, ஆரஞ்சு எது என்று தெரியாது. பட்டறை ஏன் அழுக்காக, இருட்டாக இருக்கிறது என்று மூக்கைச் சுளிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

நிறம் வந்ததும் தோய்ச்சல். முழுக் கத்தியையும் தண்ணிக்குள் போடக் கூடாது. வாய்ப் பக்கம் மட்டும், இரண்டு விரல் அகலம். சொர்ர்... என்று ஒரு சத்தம். உடனே வெளியே எடுத்து, ஒரு கல்லால் வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அப்பா அசையாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்ப் பக்கம் இறங்கி வரும். வரும்போது அந்தப் பளபளப்பில் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், சுமார் 220, 230 டிகிரி. பிறகு தவிட்டு நிறம், 250ஐத் தாண்டி. அப்புறம் கத்தரிப்பூ நிறம், 280 வாக்கில். கடைசியாக மயில் கழுத்து நீலம், 300. காய் நறுக்குகிற கத்தி என்றால் மஞ்சளிலேயே நிறுத்தலாம். எலும்பு வெட்டுகிற கத்தி என்றால் தவிட்டு நிறம் போய்க் கத்தரிப்பூ எட்டிப் பார்க்கிற நேரத்தில் மறுபடி தண்ணியில் விட்டு நிறுத்த வேண்டும். அதற்குக் கிடைப்பது சில நொடிகள். முந்தினால் வாய் உடையும். பிந்தினால் வாய் மடங்கும்.

இதை நாம் மெட்டலர்ஜி பாடத்தில் 'ஹார்டனிங்', 'டெம்பரிங்' என்று இரண்டு தலைப்பாகப் படித்து, ஐந்து ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். வாயில் பிறக்கிற அந்தக் கடினமான அமைப்புக்கு மார்ட்டன்சைட் என்று பெயர். அடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மன்காரரின் நினைவாக வைத்தது. நான் அதை முதன்முதலில் படித்த அன்று விடுதியில் தூக்கம் வரவில்லை. எங்க அப்பா தினமும் செய்கிறதற்கு ஒரு பெயர் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, பக்கம் பக்கமாகக் கணக்கு இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அவருக்கும்தான்!

சரி, இப்போது வியாபாரத்துக்கு வருவோம்.

ஒரு வெட்டுக்கத்திக்கு எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரு முற்பகல் போகும். 450 ரூபாய் சொன்னால் வாங்க வருகிறவர் என்ன சொல்கிறார்? "ஏ ஆசாரி, என்னத்தப் பெருசா... பழைய லாரிப் பட்டைதானே? கிலோ என்ன வெலை?" அவர் மேல் கோபமில்லை. அவர் கண்ணுக்கு இரும்பு தெரிகிறது, பிடி தெரிகிறது. பதம் தெரியவில்லை. பதம் கண்ணுக்குத் தெரிகிற பொருள் இல்லையே. நல்ல பதமுள்ள கத்தியும் பதம் கெட்ட கத்தியும் கடையில் அக்கம்பக்கத்தில் கிடந்தால் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும். ஆறு மாசம் கழித்து எலும்பில் விழும்போதுதான் எது எது என்று தெரியும். அதற்குள் காசு கைமாறிவிட்டது. ஆகவே எல்லாக் கத்திக்கும் இரும்பின் விலைதான் கிடைக்கிறது. இதில் நல்ல கொல்லனுக்கும் மோசமான கொல்லனுக்கும் வருமானத்தில் வித்தியாசமே இல்லாமல் போகிறது. பிறகு எவன் நிறம் ஓடுகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்?

ஒரு வேடிக்கை. கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன் என்று ஆளுயர அரிவாள் செய்யச் சொல்லி வருகிறவர்கள் ஒரு பைசா பேரம் பேசுவதில்லை. வெற்றிலை பாக்கு வைத்துப் பணம் தருகிறார்கள். அந்த அரிவாள் எதையும் வெட்டப் போவதில்லை. அதற்குப் பதம் வைக்க வேண்டிய தேவையே இல்லை!

மேடைப் பேச்சில் மட்டும் நமக்கு இரும்பின் பெருமைக்குக் குறைவில்லை. கொடுமணலில் உருக்கு செய்த உலைகளின் தடயத்தை அகழாய்வில் எடுத்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று அறிக்கை வெளியானது. 5300 வருஷம்! நானும் கைதட்டினேன். மறுவாரம் ஊருக்குப் போனபோது பட்டறையில் பேரம் நடந்து கொண்டிருந்தது; கிலோ கணக்கில்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்க அப்பாவுக்கு அந்தக் காலத்து உருக்கு காய்ச்சத் தெரியாது. மண் மூசையில் இரும்பையும் கரியையும் அடைத்துக் காய்ச்சிய அந்த வித்தை நம் பக்கத்திலிருந்து போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. அதை லண்டனில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தவர் யார் தெரியுமா? மைக்கேல் ஃபாரடே! நாம் மோட்டார், ஜெனரேட்டர் பாடத்தில் படிக்கிற அதே ஃபாரடேதான். 1819இல் 'ஊட்ஸ்' என்ற இந்திய உருக்கைப் பகுத்துப் பார்த்தார். பிறகு ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து 1820இலும் 1822இலும் உருக்குக் கலவைகள் பற்றிக் கட்டுரை எழுதினார். ஃபாரடேயின் அப்பா ஒரு கொல்லர். மகன் கல்லூரி வாசல் மிதிக்காமல், புத்தகம் பைண்டிங் செய்கிற கடையில் வேலை பழகியவர். என்னைப் போன்றவர்கள் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சும்மா பக்கத்தைத் திருப்ப முடியுமா?

மற்ற ஊர்களில் பதத்துக்கு விலை வாங்கத்தான் செய்கிறார்கள். ஜப்பானில் ஒசாகா பக்கம் சகாய் என்று ஒரு நகரம். அங்கே கத்தியை அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர். 1982இல் அந்தத் தொழிலை அரசு பாரம்பரியக் கைவினையாக அறிவித்தது. சமையல்காரர்கள் அந்தக் கத்தியைக் கையில் வைத்திருப்பதைப் பெருமையாக நினைக்கிறார்கள். ஜெர்மனியில் 'சோலிங்கன்' என்ற ஊர்ப் பெயரைக் கண்டவர்கள் கத்தியில் பொறிக்கக் கூடாது என்று 1938லேயே சட்டம் வந்துவிட்டது. அவ்வளவு தூரம் ஏன், நம் நாட்டில் மீரட் இருக்கிறது. பழைய வாகன இரும்பை உருக்கிக் கத்தரிக்கோல் செய்கிற ஊர். எங்களை மாதிரியே பழைய இரும்பு! 2013இல் மீரட் கத்தரிக்கோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலும் 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்கு அந்தக் குறியீடு வாங்கினார்கள். திராட்சை இனிப்பதை நாக்கு சொல்லிவிடும். கத்திக்கு நாக்கு இல்லையே.

நம் பக்கத்து அரிவாளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில் இருக்கிற திருப்பாச்சேத்தியைத் தெரியாதவர் யார்? ஆனால் எந்த மாதிரிப் பெயர்! சினிமாவில் தென்மாவட்டம் என்று காட்ட ஒரு அரிவாளைச் சட்டைக்குப் பின்னால் சொருகினால் போதும் என்றாகிவிட்டது. 2021 செப்டம்பரில் கொலைகளைத் தடுக்கக் காவல்துறை ஒரு பெரிய நடவடிக்கை எடுத்தது. அப்போது கத்தி, அரிவாள் செய்கிற பட்டறைக்காரர்கள் வாங்குகிறவர் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதி வைக்க வேண்டும், கேமரா பொருத்த வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். எழுதி வைப்பதில் தப்பு இல்லை என்பது என் கருத்து. யாரோ ஒருத்தன் செய்கிற கொடுமைக்கு எங்க அப்பா அடித்த இரும்பு போகக் கூடாது என்று அவரும்தான் நினைக்கிறார். ஆனால் அந்த நோட்டைப் பார்க்கிறபோது எனக்கு வேறொன்று தோன்றியது. யார் வாங்கினார் என்று எழுதுகிற நோட்டில், என்ன கொடுத்தோம் என்றும் எழுதலாமே? அதற்குக் கீழே வருகிறேன்.

அதற்கு முன்னால் அரசுத் திட்டங்கள். ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17இல் விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், அதில் கொல்லரும் உண்டு, வயது 18 ஆனால் போதும். தமிழ்நாடு அரசு 2024இல் இதை இப்படியே ஏற்க முடியாது என்றது, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கச் சொன்னது. பிறகு தானே 'கலைஞர் கைவினைத் திட்டம்' என்று ஒன்றை 2025 ஏப்ரலில் தொடங்கியது. 35 வயது ஆகியிருக்க வேண்டும். 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகம் போனால் 50,000 ரூபாய் மானியம். சாதி கேட்பதில்லை.

இந்த 18ஆ 35ஆ என்ற சண்டையைப் பத்திரிகையில் படித்தவர்கள் பலருக்கு அது வெறும் அரசியல். எனக்கு இப்போது வயது 18. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் கையில் ஒரு லட்சம் கடன் தருகிறேன் என்று யாராவது வந்திருந்தால், வீட்டு நிலைமைக்கு நான் இன்றைக்கு இந்த மலரில் எழுதிக் கொண்டிருக்க மாட்டேன். அதனால் 35 என்று சொன்னவர்கள் பக்கம்தான் நான். பையன் படித்து முடிக்கட்டும், நாலு இடம் பார்க்கட்டும், பிறகு அவனாக வந்தால் வரட்டும். பட்டறை அழியக் கூடாது, மகனே தொடர வேண்டும் என்று உருகுகிறவர்களை ஒரு நாள் சம்மட்டி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவின் முன்னங்கையில் பொறி பட்ட தழும்பு எத்தனை என்று எண்ணவே முடியாது. அப்பாவுக்கு ஒரு காது பாதிக்கு மேல் கேட்பதில்லை. எனக்கு ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ கம்பெனி வேலை கிடைத்தால் போவேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் கடன் கருவியை வாங்கித் தரும், விலையை வாங்கித் தராது. பதம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதற்கு விலை வரும். அதைத் தெரிய வைக்கிற மெஷின் எங்கே இருக்கிறது? நம் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறது! ராக்வெல் கடினத்தன்மைச் சோதனை மெஷின். ஒரு வைர முனை, 150 கிலோ பளு, ஒரு முள். செமஸ்டருக்கு ஒரு தடவை அதில் ஒரு எஃகுத் துண்டை வைத்து, ரீடிங் எழுதி, ரெக்கார்டில் கையெழுத்து வாங்குகிறோம். மற்ற நாளெல்லாம் அது உறை போட்டுத் தூங்குகிறது. எலும்பு வெட்டுகிற கத்தியின் வாய்க்கு 'சி' அளவுகோலில் ஐம்பதைக் கொஞ்சம் தாண்டிய எண் வந்தால் நல்ல பதம். சவரக் கத்தி போல அறுபதுக்குப் போனால் உடையும். நாற்பதுக்குக் கீழே இருந்தால் மடங்கும். வாயை ஒட்டி மேலே, பிடிக்குப் பக்கத்தில், ஒரு புள்ளி வைத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். கத்திக்கு எந்தச் சேதமும் இல்லை.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சுற்று வட்டாரத்துப் பட்டறைக்காரர்கள் கத்தி, அரிவாள், களைக்கொத்து எதுவானாலும் கொண்டு வரட்டும். நாம் சோதித்து, எண்ணை ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டுக் கொடுப்போம். பட்டறை முத்திரை ஒன்றைக் கத்தியில் குத்தச் சொல்லிக் கொடுப்போம். காவல்துறை எழுதச் சொன்ன அந்த நோட்டிலேயே இன்னார் வாங்கினார், இன்ன எண் உள்ள கத்தி வாங்கினார் என்று எழுதட்டும். சீட்டுள்ள கத்தியைச் சின்னமனூர்ச் சந்தையில் ஒருவர் 450க்கு வாங்கி, மறுவருஷம் அவர் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டு இருக்கா என்று கேட்டு வந்தால் அதுவே போதும். எண் சரியாக வராத பட்டறைக்காரருக்கும் இதில் லாபம் உண்டு. தவறு சூட்டிலா தோய்ச்சலிலா என்று அங்கேயே பேசிவிடலாம். நமக்கும் வைவாவில் சொல்ல நாலு வார்த்தை கிடைக்கும்.

இன்னொன்று, இறுதியாண்டு புராஜெக்ட். நகரத்துக் கடைகளில் ரெடிமேடாக விற்கிற புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி, பெயர் ஒட்டி வைக்கிற பழக்கம் எங்கெங்கே இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காசுக்கு ஒரு மோட்டார், பழைய லாரிப் பட்டை நாலு, ஒரு தண்டு, ஒரு கனமான தலை இருந்தால் ஸ்பிரிங் ஹாமர் செய்துவிடலாம். சம்மட்டி அடிக்கிற வேலையை அது செய்யும். படம் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் என்னோடு சேர மூன்று பேர் தேவை. வெல்டிங் நன்றாகத் தெரிந்த ஒருத்தர் கட்டாயம் வேண்டும்.

சனிக்கிழமைத் திட்டத்துக்குத் துறைத் தலைவரிடம் அனுமதி, லேப் சாவி, ஒரு கட்டுச் சீட்டு... செலவு அவ்வளவுதான். பேரவை கடிதம் எழுதினால் முதல் கத்தியை நானே கொண்டு வருகிறேன். அப்பாவையும் கூட்டி வருவேன். முள் எங்கே போய் நிற்கிறது என்று அவரும் பார்க்கட்டும்.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை